வேர்டில் நீளமான அட்டவணை: பாதிப் பக்கம் காலி, தலைப்பு வரிசை தங்கவில்லை, பிரிண்டில் எழுத்து வெட்டுப்படுகிறது [தீர்ந்தது]

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பாக, களத்தில் சேகரித்த நாட்டுப்புறப் பாடல்களை வேர்டில் ஒரே அட்டவணையாக அடித்து வைத்திருக்கிறேன். எண், பாடல், பாடியவர், வட்டாரச் சொல்லுக்குப் பொருள் என்று நான்கு நெடுவரிசை. நடவுப் பாட்டு வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது, தாலாட்டும் ஒப்பாரியும் சேர்ந்த பிறகு எல்லாம் கலைந்துபோய்விட்டது. ஒரு பாட்டு முடிந்ததும் பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது, அடுத்த பாட்டு அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. தலைப்பு வரிசை எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று நெறியாளர் சொன்னதால் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அதை நானே நகலெடுத்து ஒட்டினேன். இப்போது முன்னால் எங்காவது ஒரு வரி சேர்த்தால் போதும், ‘பாடல், பாடியவர், பொருள்’ என்ற தலைப்பு பக்கத்தின் நடுவில், ஒப்பாரியின் இரண்டு கண்ணிகளுக்கு இடையில் வந்து நிற்கிறது.

இது போதாதென்று பென் டிரைவில் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் நெடுவரிசையின் அகலமெல்லாம் மாறிவிடுகிறது, கி, கீ, க் போன்ற எழுத்துகளின் மேல்விலங்கும் புள்ளியும் சீவி எடுத்த மாதிரி வருகிறது. என் மடிக்கணினியில் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும். திரையைப் போனில் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள், ப்ளீஸ்.

நேர்கோடு எழுதியது:

‘அவசரம்!!! உடனே உதவுங்கள்’ என்று தலைப்பு வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எந்த வேர்டு, எந்த விண்டோஸ், என்ன எழுத்துரு, ஒன்றும் இல்லை. படத்தில் பாதி உங்கள் கை நிழல். கூகுளில் தேடினாலே இதற்கெல்லாம் பதில் கிடைக்கும். என்னைக் கேட்டால் வேர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லேட்டெக் என்ற ஆவணம் வடிவமைக்கும் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், இந்தத் தலைவலியே இருக்காது.

மட்டுறுத்துநர் எழுதியது:

வைகைக்கரை, தலைப்பை மாற்றியிருக்கிறேன். பிரச்சினை என்ன என்பது தலைப்பிலேயே இருந்தால்தான் தெரிந்தவர் உள்ளே வருவார், நாளைக்கு இதே சிக்கலில் மாட்டுகிறவர் தேடும்போதும் கண்ணில் படும். எல்லோருக்கும் அவசரம்தான், அதனால் அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் ஓடிவருவதில்லை.

உங்கள் படத்தையும் எடுத்துவிட்டேன். பாடியவர்களின் பெயர், வயது, ஊர், ஒருவருடைய கைபேசி எண் வரைக்கும் அதில் படிக்க முடிந்தது. அந்தப் பாட்டிகள் உங்களை நம்பித் திண்ணையில் உட்கார்ந்து பாடியவர்கள், அவர்கள் எண் இணையத்தில் திரிய வேண்டாம். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள்: கோப்பை இன்னொரு பெயரில் சேமித்து, சிக்கல் தெரிகிற இரண்டு மூன்று பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், பாடியவர் நெடுவரிசையில் அ, ஆ, இ என்று போட்டுவிடுங்கள், அந்த டாக்எக்ஸ் கோப்பை இங்கே இணையுங்கள். பாட்டின் நீளத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள், பக்கம் எங்கே உடைகிறது என்பதே அதை வைத்துத்தான். படத்தைப் பார்த்து யாரும் அட்டவணையைச் சரிசெய்ய முடியாது. காலி இடம் என்டர் தட்டியதால் வந்ததா, பத்தி அமைப்பால் வந்ததா, வரிசை அமைப்பால் வந்ததா என்பது கோப்புக்குள்தான் இருக்கும், மேலே பார்க்க மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதோடு வேர்டு எந்தப் பதிப்பு, எழுத்துரு எது, யூனிகோடா அல்லது பாமினி மாதிரி பழைய எழுத்துருவா என்பதையும் சொல்லுங்கள்.

நேர்கோடு, விவரம் கேட்டது நியாயம், கேட்ட விதம் இல்லை. லேட்டெக்குக்குத் தனி இழை இருக்கிறது. அடுத்த வாரம் ஆய்வேடு கொடுக்க வேண்டியவரிடம் புதிதாக ஒன்றைப் படிக்கச் சொல்வது பதில் ஆகாது. அங்கேயும் பக்கம் தாண்டும் அட்டவணைக்கு லாங்டேபிள் என்று தனித் தொகுப்பைச் சேர்க்க வேண்டும், அதிலும் ஒரு வரிசை நடுவில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகாது. இவர் ஒப்பாரிக்கு அது இன்னும் மோசம்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி. எண் தெரிந்தது என் கண்ணில் படவே இல்லை, எடுத்ததற்கு ரொம்ப நன்றி.

வேர்டு 2016, விண்டோஸ் 10. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 11, இணையத்திலிருந்து இறக்கி நிறுவியது. யூனிகோடுதான், தமிழ்99 விசைப்பலகையில் அடித்தேன். லைன் ஸ்பேசிங் ‘எக்ஸாக்ட்லி 14’, பக்கம் குறையும் என்று தோழி சொன்னதால் அப்படி வைத்தேன். பாடல் தலைப்புகளுக்கு ஹெடிங் 3 ஸ்டைல். டேபிள் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் டெக்ஸ்ட் ராப்பிங்கில் ‘அரவுண்ட்’ தேர்வாகி இருக்கிறது, நான் அதைத் தொட்டதே இல்லை. இடது மார்ஜின் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம், ஏ4 தாள், இது பல்கலைக்கழக விதி. கடையில் என்ன வேர்டு என்று தெரியவில்லை.

மாதிரிக் கோப்பு இணைத்திருக்கிறேன். இதே கேள்வியை ஒரு முகநூல் குழுவிலும் போட்டிருக்கிறேன், அங்கே பதில் வந்தால் இங்கேயும் எழுதுகிறேன்.

அச்சுக்கூடம் எழுதியது:

கோப்பைத் திறந்து பார்த்தேன்மா. ஆய்வேடு தட்டச்சும் பைண்டிங்கும்தான் எனக்குத் தொழில், இந்த மாதிரிக் கோப்பு அடிக்கடி கைக்கு வரும். உங்கள் கோப்பில் ஒரு கோளாறு இல்லை, நாலைந்து சின்னச் சின்ன அமைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. வரிசையாக எடுத்தால் போய்விடும். முதலில் அசல் கோப்பை அப்படியே வைத்துவிட்டு ஒரு பிரதியில் வேலை செய்யுங்கள்.

ஹோம் தாவலில் ¶ போட்ட பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருப்பதெல்லாம் இப்போது தெரியும். உங்கள் மாதிரியில் இரண்டாவது பாட்டு இருக்கும் கட்டத்தைப் பாருங்கள், பாட்டின் முதல் வரிக்கு மேலே வெறும் ¶ குறிகளாக ஒரு வரிசையே நிற்கிறது. பாட்டை அடுத்த பக்கத்துக்குத் தள்ள என்டர் தட்டியிருக்கிறீர்கள். முன்னால் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ இந்த என்டர்கள் எல்லாம் தப்பான இடத்தில் வந்து நிற்கும், காலி இடத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லாவற்றையும் அழியுங்கள். நீங்களே ஒட்டிய தலைப்பு வரிசைகளையும் அழித்துவிடுங்கள், அட்டவணையின் முதல் வரிசையில் இருப்பது மட்டும் போதும்.

அடுத்தது அந்த ‘அரவுண்ட்’. நீங்கள் தொடவில்லை என்கிறீர்கள், சரிதான், ஆனால் அட்டவணையின் இடது மேல் மூலையில் நான்கு அம்புக்குறியோடு ஒரு சின்னம் வருகிறதே, அதைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தாலே வேர்டு தானாக அரவுண்டுக்கு மாற்றிவிடும். மவுஸ் கை தவறினாலே நடக்கும். அரவுண்ட் என்றால் அட்டவணை பத்திகளோடு சேராமல் தனியாக மிதக்கிறது என்று அர்த்தம், அந்த நிலையில் தலைப்பு வரிசை அடுத்த பக்கத்தில் திரும்ப வராது. டேபிள் பிராப்பர்ட்டீஸ் போய் ‘நன்’ ஆக்குங்கள். பிறகு முதல் வரிசையில் கர்சரை வைத்து, டேபிள் லேஅவுட் தாவலில் ‘ரிப்பீட் ஹெடர் ரோஸ்’ அழுத்துங்கள். அவ்வளவுதான், இனி பக்கத்துக்குப் பக்கம் தானே வரும், நீங்கள் ஒட்ட வேண்டியதில்லை. பிரிண்ட் லேஅவுட் பார்வையில்தான் இது தெரியும், டிராஃப்டில் பார்த்துவிட்டு வரவில்லை என்று சொல்லாதீர்கள்.

இப்போது வரிசை. டேபிள் பிராப்பர்ட்டீஸில் ரோ என்ற தாவலில் ‘அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்’ என்று ஒரு கட்டம். உங்கள் கோப்பில் எந்த வரிசைக்கும் அதில் டிக் இல்லை. டிக் இல்லையென்றால் ஒரு வரிசை முழுவதும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பொருள், இடம் பத்தாவிட்டால் பாட்டு மொத்தமாக அடுத்த பக்கத்துக்குக் குதிக்கும், பழைய பக்கம் காலி. ஆனால் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இது வரிசைக்கு வரிசை தனித்தனியாக வைத்துக்கொள்ளக்கூடிய அமைப்பு. எட்டு வரி நடவுப் பாட்டு இரண்டாக உடைந்து ஒற்றை வரி அடுத்த பக்கத்தில் தொங்கினால் படிக்க நன்றாக இருக்காது, அதற்கு டிக் வேண்டாம். அரைப் பக்கத்துக்கு மேல் போகிற ஒப்பாரிக்கு டிக் போட்டே ஆக வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் சில வரிசைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தாவும். ¶ குறிகளை இன்னும் அணைக்காமல் வைத்திருந்தால் பாடல் தலைப்புக்கு இடது பக்கம் ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம் தெரியும், பாருங்கள். அது ஹெடிங் 3 செய்கிற வேலை. ஹெடிங் ஸ்டைல்களில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ பிறவியிலேயே இருக்கும், சாதாரணப் பத்தியில் அது நல்ல குணம், அட்டவணைக்குள் வந்தால் ஒரு வரிசையை அடுத்த வரிசையோடு கட்டிப் போட்டுவிடும். அட்டவணையில் இருக்கிற தலைப்புகளைத் தேர்வு செய்து, பாராகிராஃப் பெட்டியில் லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் தாவலில் அதை எடுத்துவிடுங்கள்.

எழுத்து வெட்டுப்படுவதற்கு ‘எக்ஸாக்ட்லி 14’ தான் காரணம். எக்ஸாக்ட்லி என்று சொன்னால் எழுத்து அதற்குள் அடங்கினாலும் அடங்காவிட்டாலும் வேர்டு 14 புள்ளி (பாயின்ட்) உயரத்துக்கு மேல் ஒரு இழை இடம் தராது. உங்கள் கணினியில் நோட்டோ இருந்ததால் மயிரிழையில் தப்பித்தது. கடைக் கணினியில் நோட்டோ இல்லை, வேர்டு அங்கே இருக்கிற லதாவையோ நிர்மலாவையோ எடுத்துப் போட்டிருக்கும், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் உயரமும் அகலமும் வேறு, மேல்விலங்கு போய்விட்டது. ஆங்கிலத்துக்கு இந்த அளவு தாங்கும், நமக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ‘சிங்கிள்’ அல்லது ‘அட் லீஸ்ட்’ வையுங்கள். பக்கம் கூடினால் கூடட்டும், பின்னிணைப்பில் பக்கத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? ரோ தாவலில் உயரம் எங்காவது எக்ஸாக்ட்லியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அங்கேயும் அட் லீஸ்ட்.

அகலம் மாறுவதற்கு: டேபிள் பிராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸ் அழுத்தி ‘ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்’ டிக்கை எடுங்கள். அது இருக்கும் வரை நீளமான சொல் ஒன்று வந்தால் போதும், நெடுவரிசை தானாக விரிந்து பக்கத்தில் இருப்பதை நெருக்கும். ஏ4 தாள் 21 செ.மீ., உங்கள் மார்ஜின்கள் போக மிஞ்சுவது 14.6 செ.மீ. எண்ணுக்கு 1.2, பாடலுக்கு 6.8, பாடியவருக்கு 2.4, பொருளுக்கு 4.2 என்று போட்டுப் பாருங்கள், சரியாக அடங்கும். பொருள் நெடுவரிசையில் ஜஸ்டிஃபை வேண்டாம், இடது பக்கமாகவே இருக்கட்டும். நம் சொற்கள் நீளம், குறுகிய கட்டத்தில் ஜஸ்டிஃபை செய்தால் ஒரு வரியில் இரண்டே சொல் நின்று நடுவில் வெற்றிடம் விழும்.

கடைசியாக, என் சொந்த அபிப்பிராயம், நெறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: இரண்டு மூன்று பக்கம் ஓடுகிற ஒப்பாரியை அட்டவணையில் போடவே கூடாது. பாட்டு ஒரு நெடுவரிசையில் ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணும் பெயரும் முதல் பக்கத்தோடு முடிந்துவிடும், படிக்கிறவர் மூன்றாம் பக்கத்தில் வெறும் கோடுகளைத்தான் பார்ப்பார். பாட்டை முழு அகலத்தில் சாதாரணமாக அடித்துவிட்டு, அதன் கீழே வட்டாரச் சொல்லும் பொருளும் மட்டும் இரண்டு நெடுவரிசையில் ஒரு சின்ன அட்டவணையாகக் கொடுத்தால் பாட்டு பாட்டாக இருக்கும்.

நேர்கோடு எழுதியது:

கடைக்கு டாக்எக்ஸ் கொண்டுபோகாதீர்கள், பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும், எந்தக் கணினியில் திறந்தாலும் வரி மாறாது. பிரிண்ட் கொடுக்கும்போது ‘ஃபிட்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மொத்தப் பக்கமும் கொஞ்சம் சுருங்கி உங்கள் ஒன்றரை அங்குல மார்ஜின் கணக்குத் தப்பும், பைண்டிங்கில் அது தெரியும். திருத்தம் செய்ய டாக்எக்ஸ்தான் நெறியாளருக்கு வேண்டும் என்றால் வேர்டு ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்’ டிக் போட்டு அனுப்புங்கள். நோட்டோ இலவச உரிமத்தில் வருவது, சட்டச் சிக்கல் இல்லை.

லேட்டெக் பற்றிச் சொன்னதை இப்போதும் சொல்வேன், ஆனால் ஆய்வேடு முடிந்த பிறகு.

மழைத்துளி எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினைதான்!! ஆனால் லிப்ரேஆபீஸ். தலைப்பு வரிசை வரவே மாட்டேன் என்கிறது, அகலம் மாற்றும் இடமும் மங்கலாக இருக்கிறது. மேலே சொன்ன மெனு எதுவும் இதில் இல்லையே? அச்சுக்கூடம் அண்ணா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பார்க்கவும்.

அச்சுக்கூடம் எழுதியது:

தனிச்செய்தியில் நான் பதில் சொல்வதில்லை தம்பி, சொன்னால் நாளைக்கு இன்னொருவர் அதையே கேட்பார், நான் மறுபடி தட்ட வேண்டும். நான் தவறாகச் சொன்னாலும் திருத்த ஆள் இருக்காது.

லிப்ரேஆபீஸில் வேர்டுக்கு இணையான ரைட்டரில் பெயர்கள்தான் வேறு. அட்டவணைக்குள் நின்று டேபிள் மெனுவில் பிராப்பர்ட்டீஸ், அதில் டெக்ஸ்ட் ஃப்ளோ தாவல். ‘ரிப்பீட் ஹெடிங்’ அங்கே இருக்கிறது, எத்தனை வரிசை என்றும் கேட்கும். பக்கம் தாண்டி அட்டவணை உடையலாமா, வரிசை உடையலாமா என்ற இரண்டும் அதே தாவலில்தான், முதலாவதில் டிக் இல்லாவிட்டால் இரண்டாவது இருந்து பயனில்லை. அகலம் மங்கலாக இருப்பது அலைன்மென்ட் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக இருப்பதால், அதை ‘லெஃப்ட்’ ஆக்குங்கள், இடம் திறந்துகொள்ளும். மேற்கொண்டு ஏதாவது இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இது வேர்டு இழை, இரண்டும் கலந்தால் படிக்கிறவர் குழம்பிவிடுவார்.

வைகைக்கரை எழுதியது:

செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று காத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாம் சரியாகிவிட்டது!

காலி இடம் என்டர்களையும் கீப் வித் நெக்ஸ்டையும் எடுத்ததும் போய்விட்டது. லைன் ஸ்பேசிங் சிங்கிள் வைத்தேன், பக்கம் கூடியது, பரவாயில்லை. பிடிஎஃப் எடுத்து அதே கடையில் பிரிண்ட் போட்டேன், புள்ளி, மேல்விலங்கு எல்லாம் முழுதாக வந்துவிட்டது. முகநூல் குழுவில் ‘டேபிளை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்’ என்று ஒரே ஒரு பதில் வந்தது, தீர்ந்துவிட்டது என்று சொல்லி இந்த இழையின் சுட்டியை அங்கே கொடுத்துவிட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டினேன், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தலைப்பு வரிசை தாலாட்டு வரைக்கும் ஒழுங்காக வந்தது, ஒப்பாரியில் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால் அங்கே எப்போதோ கண்ட்ரோல் என்டர் அடித்துப் பக்கத்தை உடைத்திருக்கிறேன், அதனால் அட்டவணை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பார்க்க ஒன்று மாதிரியே இருக்கிறது, ¶ குறியைப் போட்ட பிறகுதான் இரண்டுக்கும் நடுவில் ‘பேஜ் பிரேக்’ என்று ஒரு புள்ளிக்கோடு தெரிந்தது. அதையும் அந்த ¶ குறியையும் அழித்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

இன்னும் ஒன்று பாக்கி. அட்டவணை கடைசிப் பக்கத்தின் அடி வரைக்கும் வந்து முடிகிறது, அதற்குப் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. இது தனி இழையா, இங்கேயே கேட்கலாமா?

மட்டுறுத்துநர் எழுதியது:

அதே அட்டவணைதான், இங்கேயே இருக்கட்டும். அட்டவணைக்குப் பின்னால் ஒரு பத்திக் குறி எப்போதும் இருக்கும், வேர்டு அதை அழிக்க விடாது. இடம் இல்லாததால் அது அடுத்த பக்கத்தில் போய் நிற்கிறது. அந்த ¶ குறியைத் தேர்வு செய்து எழுத்தளவை 1 ஆக்குங்கள், லைன் ஸ்பேசிங்கை எக்ஸாக்ட்லி 1 புள்ளி, பத்திக்கு முன்னும் பின்னும் இடைவெளி 0. எக்ஸாக்ட்லிக்கு உருப்படியான பயன் இங்கேதான். பிறகு உங்கள் முதல் பதிவில் ‘திருத்து’ அழுத்தித் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்த்துவிடுங்கள். கேள்வியை அழித்துவிடாதீர்கள், சிலர் பதில் கிடைத்ததும் கேள்வியைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள், அப்புறம் பதில்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன.

வைகைக்கரை எழுதியது:

வெற்றுப் பக்கம் போயே போய்விட்டது. தலைப்பில் சேர்த்துவிட்டேன். மாதிரிக் கோப்பையும் அப்படியே விட்டுவைக்கிறேன், பெயரெல்லாம் எடுத்ததுதான்.

அச்சுக்கூடம் அண்ணா, ஒப்பாரி விஷயத்தை நெறியாளரிடம் கேட்டேன். நீளமான மூன்று ஒப்பாரிக்கு மட்டும் சம்மதித்தார், தாலாட்டு அட்டவணையில்தான் இருக்க வேண்டுமாம். கேட்டால், போன வருடம் கொடுத்தவர் அப்படித்தான் கொடுத்தாராம்.